கால்மாட்டில் வைத்த பஞ்சு

என் மச்சாளின் இடது காலில் இன்று மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. மற்ற இரண்டும் போனதற்கு நான்தான் காரணம்.

பனிதான் காரணம் என்று மச்சாள் சொல்லுவார். வைத்தியரும் அப்படித்தான் எழுதினார். என் மனைவி சாந்தா, விதி என்கிறாள். மூன்று பேருடைய சொல்லும் எனக்குச் சாதகம். வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்ல மனிதனாகவே செத்துப்போகலாம். ஆனால் நீங்கள் இருக்கிறீர்களே... யாரென்றே தெரியாத நீங்கள்! உங்களிடம் சொல்வதில் ஒரு வசதி உண்டு. நாளைக் காலையில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மச்சான், தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்று நீங்கள் கேட்கப் போவதில்லை.

மனச்சாட்சி உந்தித்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அளவுக்கு உயர்ந்தவன் அல்ல நான். பயந்துபோய் எழுதுகிறேன்.

நான் பகிடி எழுதுகிறவன். ஒரு சிறு சஞ்சிகையின் கடைசிப் பக்கம் பதினெட்டு வருடமாக என்னுடையது. ஊரில் யார் வழுக்கி விழுந்தாலும் எனக்கு ஒரு பக்கம் நிரம்பிவிடும். ஆனால் நான் வழுக்கி விழுவதை மற்றவர்கள் பார்க்கக் கூடாது... இதுதான் என் நோயின் பெயர். மற்றதெல்லாம் அதன் அறிகுறிகள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு சூட்கேசுடன் வந்து சேர்வார். நானும் இருபத்தாறு வருடத்துக்கு முன்னர் நாவற்குடாவில் சாந்தாவின் வீட்டுக்கு அப்படித்தான் வந்தேன். கூடவே நாலு பெட்டி புத்தகம். அந்த வீட்டில் நான் அடித்த எந்த ஆணியும் ஒரு மாரியைத் தாண்டியதில்லை. நான் திருத்திய குழாய் முன்னரைவிட உற்சாகமாக ஒழுகியது. வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு சாந்தாவின் அக்காவுடையது. கௌரி மச்சாள், கணித ஆசிரியை. கல்யாணம் கட்டவில்லை. என் ஆணிகள் விழும் சத்தம் அங்கே கேட்கும்.

"சாந்தா, மச்சான் இண்டைக்கும் வேலை செய்யிறார் போல. கதவச் சாத்திட்டு இரு கா!"

மச்சாள் என்றால் பகிடி பண்ண உரிமை உள்ளவர். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கமும் வாசிக்காமல் இருப்பேன்.

இந்தக் கதைக்குக் காரணமான பையைக் கொண்டுவந்தவன் அவர்களுடைய தம்பி ரகு. நோர்வேயில் இருக்கிறான். மலை ஏறும்போது குளிருக்குள் படுக்கிற ஸ்லீப்பிங் பாக். நீல நிறம், உள்ளே தாரா வாத்தின் நெஞ்சுத் தூவி. பனிமலை பார்க்க வேண்டும் என்று அக்கா சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாராம். ஓய்வு பெற்றதும் போகட்டும் என்று கொண்டுவந்தான். சித்திரை வெயிலில், எங்கள் விறாந்தையில் அதை விரித்துக் காட்டினான். மடிப்புக்குள்ளிருந்து அது மெல்ல மெல்ல எழும்பி, ஒரு முழ உயரத்துக்கு உப்பி நின்றது. மூச்சு விடுவது போலவே இருந்தது!

"இந்த உப்பல்தான் எல்லாம் அத்தான்," என்றான் ரகு என்னைப் பார்த்து. "தூவிக்கு நடுவில நிக்கிற காத்துத்தான் ஆளைச் சூடா வச்சிருக்கும். கசக்கிக் கட்டி வச்சா உப்பல் செத்துப்போகும். பயணத்துக்கு மட்டும்தான் கட்டணும். வீட்டில தொங்கவிடுங்க."

மச்சாளின் வீடு பள்ளத்தில் இருக்கிறது. மாரியில் வாவித் தண்ணீர் அவருடைய படிக்கட்டு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். எங்களுக்கு மேல்மாடியில் ஓர் அறை உண்டு.

"என்னட்டத் தாங்க. நான் வச்சிருக்கன்," என்றேன்.

"மச்சானா?" மச்சாள் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சொந்தக் கண்ணாடியத் தலையில வச்சுக்கொண்டு வீடெல்லாம் தேடுற ஆள்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அன்று மனதுக்குள் ஒரு சபதம் எடுத்தேன். இதை மட்டும் ஒழுங்காகச் செய்து காட்டுவேன்.

மூன்று மாதம் தொங்கவிட்டேன். நம்புங்கள். கூரை வளையிலிருந்து அது என் எழுதும் மேசைக்கு நேரே தொங்கியது. தூக்குப் போட்டுக்கொண்ட ஒருவரைப் பார்த்தபடி பகிடி எழுதுவது எப்படி என்று நீங்களே சொல்லுங்கள். பிறகு புத்தகத்துக்கு இடம் காணவில்லை. பிறகு மாரி வந்தது. சுவரெல்லாம் ஈரம், என் செருப்பில் பூஞ்சணம். பைக்கும் பூஞ்சணம் பிடித்துவிடுமே என்று பயந்தேன்! உண்மையாகவே அதன் நன்மைக்காகத்தான்... இல்லை. பாதி அதன் நன்மைக்கு, பாதி புத்தகத்துக்கு.

மாரி வருமுன் பெறுமதியான சாமானைப் பொலித்தீனில் சுற்றி, காற்றுப் புகாமல் இறுக்கி, உயரத்தில் ஏற்றிவிடுவதுதான் வாவிக்கரைக்காரனுக்குத் தெரிந்த பத்திரம். காணி உறுதி, கல்யாணப் படம், கூறைச்சேலை எல்லாம் அப்படித்தான் பிழைத்தன. நானும் அந்தப் பையைச் சுருட்டி, அதன்மேல் ஏறி இருந்து, முழங்காலால் அமத்தி, சைக்கிள் ரியூப்பால் வரிந்து கட்டினேன். பூசணிக்காய் அளவு இருந்தது தேங்காய் அளவாயிற்று. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நேர்த்தியாகச் செய்த வேலை வேறு இல்லை! அலுமாரிக்கு மேலே, பழைய சஞ்சிகைக் கட்டுகளுக்கு அடியில் சொருகினேன்.

நாலு வருடம்.

மச்சாள் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற நாலு ஆசிரியைகளுடன் நேபாளம் போவதாக முடிவாயிற்று. "மச்சான், பையக் கொஞ்சம் எடுத்து வைங்க," என்றார், பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது.

ரியூப்பை அறுத்தேன். பொலித்தீனைக் கிழித்தேன். விரித்துவிட்டு எழும்பும் என்று காத்திருந்தேன். தோசை எழும்பினாலும் எழும்பும், அது எழும்பவில்லை. இரண்டு துணிக்கு நடுவே ஏதோ இருந்தது, அவ்வளவுதான். ஈரக் கோழி மணம் வேறு.

அப்போதே வேலிக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். "மச்சாள், கெடுத்துப்போட்டன்." இரண்டே சொல்! அவர் ஒரு வருடம் என்னை வைத்துச் சிரித்திருப்பார். புதிதாக ஒன்று வாங்கியிருப்பார். இன்று பத்து விரலோடு நடந்திருப்பார்.

நான் என்ன செய்தேன்? கதவைச் சாத்திவிட்டு, சலவைத் தூள் போட்டுத் தோய்த்தேன். சாரத்தைப் பிழிவது போல முறுக்கிப் பிழிந்தேன். கொடியில் போட்டுத் தும்புத்தடியால் அடித்தேன். நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் எழும்பியது. கால்மாடு மட்டும் கட்டி கட்டியாக, கல்லுப்போலக் கிடந்தது. ரகுவிடம் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்தேன்... அவன் அக்காவிடம் சொல்லிவிடுவான். போனை வைத்துவிட்டேன்.

இப்படியாக ஐந்து நாள் போயிற்று. ஆறாம் நாள் காத்தான்குடிக்கு எடுத்துக்கொண்டு போனேன், மெத்தை தைக்கிற ஹனிபா காக்காவிடம். அவர் கால்மாட்டுத் தையலை இரண்டு விரல் அகலத்துக்குப் பிரித்து, ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார்.

"இது சாகல்ல சேர். ஒறங்குது. ஒவ்வொரு கட்டியாக் கையால பிரிச்சி, லேசான சூட்டுல காயவச்சா எழும்பும். பத்து நாள் போகும்."

"எனக்கு நாலு நாள்தான் காக்கா இருக்கு."

"அப்ப பஞ்சு போட்டுத் தாரன். உப்பி நிக்கும், பாத்தா வித்தியாசம் தெரியா. ஆனா பஞ்சு தண்ணி குடிக்கிற சாமான். கால் வேர்வையக் குடிச்சிட்டு ஐஸ் மாதிரிக் கிடக்கும். ஆருக்கு சேர் இது? குளிருக்குப் போறாக்களுக்கா?"

"சே சே... வீட்டில ஏசி அறைக்கு."

எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. மின்விசிறியே மனம் வைத்தால்தான் சுற்றும்.

ஆக, எனக்குத் தெரியாது என்று சொல்லி உங்களிடம் தப்ப முடியாது. எனக்குத் தெரியும். காக்கா விளங்கப்படுத்தித்தான் சொன்னார்.

வேலை முடிந்ததும் அவர் ஒரு சின்னக் குஷனையும் நீட்டினார். கால்மாட்டிலிருந்து எடுத்த தூவியை அதற்குள் போட்டுத் தைத்திருந்தார். "எடுத்த சாமான நாங்க வச்சிக்கிறல்ல சேர். உங்கட உங்களுக்கு." மெத்தைக்காரரின் ஒழுங்கு அது. குஷனைக் கொண்டுவந்து என் எழுதும் கதிரையில் போட்டேன். முதுகுக்கு இதமாக இருந்தது.

பையை மச்சாளிடம் கொடுத்தேன். அவர் அதைக் கட்டிலில் விரித்து, உள்ளங்கையால் அமத்தி அமத்திப் பார்த்தார். அது உப்பி நின்றது.

"அட! மச்சான் உண்மையாகவே வச்சிருக்கிறார் கா!"

சாந்தா என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. சிரிக்கிறீர்களா? அந்தப் பார்வைக்கு நான் கொடுத்த விலை என்னவென்று பின்னால் சொல்கிறேன். கொடுத்தது என் காலிலிருந்து அல்ல.

மலை அடிவாரத்திலிருந்து ஒரு காலைப்பொழுதில் மச்சாள் கோல் எடுத்தார். சாந்தா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"மச்சான், நாளைக்கு ஏறுறம். இஞ்ச எங்கட வழிகாட்டி என்ட பையத் தடவிப் பாத்திட்டு, கால்மாடு ஏன் இவ்வளவு பாரம், கடையில வேறொண்டு வாடகைக்கு எடுங்க எண்டு சொல்றார். எடுக்கவா, வேணாமா? நீங்க சொல்லுங்க, நீங்கதானே வச்சிருந்த நீங்க."

அந்தக் கணத்தை நான் இப்போதும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கடை திறந்திருந்தது. பை இருந்தது. "எடுங்க" என்று நாலு எழுத்து... காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை! "எதுக்கும் எடுங்க மச்சாள்" என்று சொல்லியிருந்தால் என் மானமும் தப்பியிருக்கும், அவர் விரலும் தப்பியிருக்கும். ஆனால் சாந்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் எவ்வளவு கவனமா வச்சவர் அக்கா!" என்றாள். என் வாய்க்குப் பழக்கமானது ஒன்றுதான். அது வந்தது.

"அவருக்கென்ன தெரியும் மச்சாள்? உங்கட காலுக்கெண்டு ரெண்டு தாராவைக் கூடப் போட்டிருக்கு. அதுதான் பாரம்!"

மச்சாள் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரிப்பது கேட்டது. சாந்தா சிரித்தாள். கோல் கட்டாயிற்று.

அடுத்த எட்டு நாளும் அங்கிருந்து சத்தமே இல்லை. மேலே போனால் போன் எடுக்காது என்று முன்னமே சொல்லியிருந்தார்கள்.

எட்டு நாளும் எனக்குப் பயம். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்பினேன். எங்கள் வானத்தைப் பார்க்காமல் அந்த மலையின் வானிலையைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி விழுகிறது என்று ஒரு சின்னப் படம் போட்டுக் காட்டும். வெள்ளை நட்சத்திரம் மாதிரி ஒன்று. குளிர் விரலை எப்படிக் கொல்லும் என்று வாசித்தேன். முதலில் குத்துமாம், பிறகு வலி நின்றுவிடுமாம். வலி நிற்பதுதான் கூடாதாம்.

ஒருநாள் மத்தியானம் வாளியில் தண்ணீர் நிரப்பி, குளிர்சாதனப் பெட்டியிலிருந்த ஐஸ் முழுவதையும் கொட்டி, என் இடது காலை வைத்தேன். எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க. சாந்தா வந்துவிட்டாள்.

"என்னப்பா இது? பைத்தியமா?"

"கால் வீக்கம்."

"அதுக்கு மீனுக்கு வச்சிருந்த ஐஸ் முழுக்கவுமா?"

நாலு நிமிடம்கூடத் தாங்கவில்லை நான். வாவிக் காற்று வெக்கையாக அடிக்கிற மத்தியானத்தில், வீட்டு நடுவில், நாலு நிமிடம்! அந்தப் பெண்மணி அங்கே விடியும் வரை...

போன் அடிக்கும்போதெல்லாம், அவர் செத்துப்போனார் என்ற செய்தி என்றே எடுத்தேன். செத்துப்போனால் என்ன சொல்லி அழுவது என்று ஒத்திகை பார்த்தேன். இதையும் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்: அந்த ஒத்திகையில் ஒரு தடவைகூட நான் உண்மையைச் சொல்லவில்லை.

அவர் சாகவில்லை. நாளைக்கு வாறன் என்று மட்டும் சாந்தாவுக்கு அறிவித்துவிட்டு, காலை ரயிலில் வந்து இறங்கினார். ஒரு காலில் சப்பாத்து. மற்றக் காலில் வெள்ளைத் துணி சுற்றி, யாரோ கொடுத்த பெரிய செருப்பு.

"பயப்பிடாதீங்க மச்சான்," என்றார் என்னைப் பார்த்ததும். என்னைத்தான்! என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். "மேல போய் ரெண்டாம் நாள் பனி கொட்டிச்சு. கால் விறைச்சுப்போச்சு. மற்ற நாலு பேரும் மேல ஏற, நான் கீழ இறங்கினன். உங்கட பை மட்டும் இல்லாட்டி நான் முழுசா வந்திருக்க மாட்டன்."

ரயில் நிலையத்தில், சனத்துக்கு நடுவில், எனக்கு நன்றி சொன்னார்.

இங்கே வைத்தியரிடம் காட்டினோம். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, கறுத்துப்போன சின்ன விரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தார். மச்சாள் கணித ஆசிரியை அல்லவா? காரணம் இல்லாமல் ஒரு விடை அவருக்குச் சம்மதமில்லை. கட்டிலில் இருந்தபடியே காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார்.

"ஈரக் காலுறையோட படுத்தது என்ட பிழை. மற்ற நாலு பேரும் மாத்திப்போட்டுப் படுத்தாக்கள். நான் அலுப்பில அப்பிடியே படுத்திட்டன். பையில பிழை இல்ல."

நான் தலையாட்டினேன். கேட்கிறீர்களா? கட்டுப் போட்ட அந்தக் காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தலையாட்டினேன். போதாததற்கு, "அடுத்த முறை கவனமா இருங்க மச்சாள்," என்றும் சொன்னேன்.

அடுத்த முறை என்று ஒன்று இருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

"ஒக்டோபரில திரும்பப் போறன்," என்றார் மச்சாள் ஆறு மாதத்துக்குப் பிறகு, வேலிக்கு மேலால். "அந்தக் கணக்குப் பாதியில நிக்குது. அதே பைதான். பழகின சாமான்."

அன்று என் கதிரையில் வந்து சாய்ந்தபோது முதுகில் சூடு ஏறியது. அந்தக் குஷன்! பல மாதம் என் உடம்பு பட்டுப் பட்டு, கட்டிகள் தாமாகவே பிரிந்து எழும்பியிருந்தன. மச்சாளின் காலுக்கென்று வந்த சூட்டில் இவ்வளவு நாளும் நான் முதுகைச் சாய்த்துக்கொண்டு பகிடி எழுதியிருக்கிறேன்.

அதைக் கதிரையிலிருந்து எடுத்தேன். மச்சாளிடம் போய், வெயிலில் போட வேண்டும் என்று சொல்லிப் பையையும் வாங்கிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன்.

"ஏசி அறை எப்பிடி சேர்?" என்று கேட்டார் ஹனிபா காக்கா.

"குளிர் கூடிப்போச்சு காக்கா."

அவர் கால்மாட்டுத் தையலைப் பிரித்தார். பஞ்சை உருவி எடுத்தார். அது கறுத்து, பாரமாக, பூஞ்சணம் மணத்தது. தூவியை என் மடியில் கொட்டினார். "நீங்களே பிரிங்க சேர்," என்றார்.

பிரித்தேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, பத்து நாள், ஒவ்வொரு கட்டியாக. சின்னச் சூட்டில் காயவைத்து, உதறி, திரும்பவும் பிரித்து. நெஞ்சுப் பக்கத்தையும் விடவில்லை. காக்கா கால்மாட்டைத் தைத்துத் தந்தார். வளையில் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் பை முழுவதும் எழும்பி நின்றது, ரகு விரித்துக் காட்டிய அன்று போலவே! அவ்வளவுதான் அதற்குத் தேவைப்பட்டது. கொஞ்சம் சூடு, பத்து நாள் பொறுமை. பயணத்துக்கு அன்று ஒன்பது நாள் இருந்தது, நினைவிருக்கிறதா? இரவிலும் இருந்து பிரித்திருந்தால் அது போதும். முதல் நாளே ரகுவைக் கேட்டிருந்தால்...

இனிப் பயம் தீர்ந்தது என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன், ஒருநாள் முழுவதும்.

பிறகுதான் விளங்கியது. மச்சாள் அதே மலையில், அதே குளிரில், அதே பைக்குள் படுப்பார். கால் சுடச்சுட இருக்கும். முந்திய முறை ஏன் இப்படி இருக்கவில்லை என்று யோசிப்பார். காலுறையை மட்டும் வைத்து அந்தக் கணக்கு வராது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பாரமாக இருந்த கால்மாடு நினைவுக்கு வரும். வழிகாட்டி சொன்னது நினைவுக்கு வரும். நான் சொன்ன பதிலும்.

பையைத் திருத்தாவிட்டால் அவர் செத்துவிடுவார். திருத்தியதால் அறிந்துவிடுவார். ஒருகணம்... ஒரேயொரு கணம்தான், கால்மாட்டுத் தூவியில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். கத்தரிக்கோல் கையில் இருந்தது. அந்தக் கணத்தில் எனக்கு என்னைப் பார்த்தே பயம் வந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. உங்களிடம் வந்ததற்கு அதுதான் காரணம்.

நேற்றுப் பின்னேரம் மச்சாள் பையை எடுக்க வந்தார். படலையில் சத்தம் கேட்டது. ஓர் அடி அழுத்தமாக, ஓர் அடி இலேசாக. இப்போது அவர் நடை அப்படித்தான். மாடிப்படி ஏறி வந்து, தொங்கிய பையை இறக்கி மேசையில் போட்டு, வாய்ப்பக்கத்தால் தோள் வரை கையை விட்டார். கை கால்மாட்டுக்குப் போய் நின்றது.

"என்ன மச்சான்... இப்ப கால்மாடு பாரமில்லையே?"

சொல்லிவிடலாம். இரண்டு சொல்தான். வாயைத் திறந்தேன்.

"அந்த ரெண்டு தாராவும் பறந்திட்டு மச்சாள்."

மச்சாள் சிரித்தார். வழக்கம்போல, வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கிற சிரிப்பு. சிரித்துக்கொண்டேதான் இருந்தார். கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.